நகம் மடித்த கார்

போன லீவுக்கு நண்பன் ஒருவனின் அண்ணாவின் கார் கராஜில் ஜக்கில் ஏறி நின்றது. ஹொண்டா சிவிக், ஈகே3. இந்த மொடலுக்கு இலங்கையில் எவ்வளவு பைத்தியம் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின் இடப்பக்க மட்காட்டில் பெயின்ற் கொப்புளம் போட்டு, விரலால் தட்டினால் துரு உதிர்ந்தது. பாஸ் சில்லைக் கழற்றிவிட்டு, போன் லைற்றை உள்ளுக்குப் பிடித்து, "இஞ்ச பாருங்கோ தம்பியவை" என்றார்.

மட்காட்டின் வளைவுக்குள்ளே, ஒரு விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கவேண்டிய தகட்டு விளிம்பு மேல்நோக்கி மடிந்து, உள்சுவரோடு சப்பையாக ஒட்டிக் கிடந்தது. "இது இடிபட்டு மடிஞ்சது இல்ல. ஆரோ வேலை தெரிஞ்சவன் மடிச்சிருக்கிறான்." நாலு பக்கமும் குனிந்து பார்த்தோம். பின்னுக்கு ரெண்டும் மடிப்பு, முன்னுக்கு ரெண்டும் அப்படியே. அண்ணா வாங்கின பிறகு அப்படி ஒரு வேலையும் செய்யவில்லை. அவருக்கு முதல் வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற ரீச்சர், அவர் செய்திருக்கவே மாட்டார். பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "யப்பான்லயே செய்து வந்திருக்கு."

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். ஒஃப்செற் என்றால் அச்சுத் தொழில் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். ஆனால் ஒரு தகட்டில் மனிதக் கை பட்ட அடையாளத்தைக் கண்டால் சும்மா விட முடிவதில்லை. எங்களில் தொல்லியல் படிக்கிறவள் பானை ஓட்டைப் பார்க்கிற மாதிரி அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். யார் மடித்தது, ஏன் மடித்தது? ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் அந்த ஆள் எந்த வழக்கத்துக்குள் நின்று இதைச் செய்தான் என்பதைத் தேடிப் பார்க்கலாம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுவோம். காரைப் பதிக்க ஆசைப்பட்டு ஸ்பிரிங்கைக் கட்டையாக்கினால், அல்லது அகலமான ரிம்மும் ரயரும் போட்டால், குழியில் விழும்போது ரயரின் தோள் மட்காட்டின் உள்விளிம்பில் போய் முட்டும். அந்த விளிம்பு கத்தி மாதிரி. இரண்டு மூன்று தரம் முட்டினாலே ரயரின் பக்கச் சுவரைச் சீவிவிடும். அதனால் விளிம்பை மேலே மடித்து வழிவிடுகிறார்கள். இப்போது அதற்கென்றே கருவி இருக்கிறது. சில்லைக் கழற்றி, சில்லுப் பூட்டுகிற இடத்திலேயே அதன் கையைப் பூட்டி, நுனியிலுள்ள உருளையை விளிம்பில் அழுத்தி, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. பெயின்ற் வெடிக்காமல் இருக்க சூடு காற்று அடித்து இளக்கிக்கொண்டே செய்யவேண்டும். கருவி வருமுன் சுத்தியலால் தட்டினார்கள். இல்லையென்றால் ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் பேஸ்போல் மட்டையைச் செருகி, காரை மெல்ல உருட்டினார்கள். இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? கூடினால் ஒரு சென்ரிமீற்றர்.

அந்த ஒரு சென்ரிமீற்றருக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

மட்காட் என்ற சொல்லைப் பாருங்கள். சேறு தடுப்பது. குதிரை வண்டியிலிருந்து கார் வாங்கிக்கொண்ட உறுப்பு அது. தொடக்ககாலக் கார்களில் அது தனித் தகடு, உடம்போடு சேராது. எங்கட அப்பப்பாமார் வைத்திருந்த மொரிஸ் மைனரிலும்கூட முன்னுக்கும் பின்னுக்கும் மட்காட்கள் போல்ற் போட்டுப் பூட்டியவைதான். இடிபட்டால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். (மொரிஸ் மைனர் பற்றி ஒரு சங்கதி: அதை வடிவமைத்த அலெக் இசிகோனிசுக்கு மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிந்ததாம். நடுவால் அறுத்து, இரண்டு பாதியையும் தள்ளித்தள்ளி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் அகலமாக்கினார். பொனற்றின் நடுவில் ஓடுகிற அந்தத் தட்டையான பட்டி அப்படி வந்ததுதான். காரை அகலமாக்கும் ஆசை பெடியன்களுக்கு மட்டும் வந்ததில்லை.) பிறகு வந்த கார்களில் பின் மட்காட் உடம்போடு ஒன்றாகிவிட்டது. வெளித்தகடும் உள்தகடும் சந்திக்கும் வளைவு விளிம்பில் இரண்டையும் மடித்து, புள்ளி புள்ளியாக வெல்ட் பிடித்தார்கள். இனிமேல் கழற்ற முடியாது. ஒன்றில் வெட்டவேண்டும், அல்லது மடிக்கவேண்டும்.

வெட்டிய கதை முதலில். யப்பானில் அதைப் பகிரங்கமாகச் செய்து காட்டியது ஒரு பெரிய கம்பனிதான்.

1964இல் சுசுகாவில் நடந்த இரண்டாவது யப்பான் கிராண்ட் பிறீக்கு பிரின்ஸ் என்ற கம்பனி ஸ்கைலைனைக் கொண்டுவந்தது. நாலு சிலிண்டருக்கு அளவாகச் செய்த குடும்பக் கார் அது. அதன் மூக்கை 200 மில்லிமீற்றர் நீட்டி, ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணித்திருந்தார்கள். வென்றது போர்ஷே 904. ஆனால் இக்குசாவா தெத்சு ஓட்டிய ஸ்கைலைன் ஒரு சுற்றில் அந்தப் போர்ஷேக்கு முன்னால் வந்தது. தோல்வி என்று யாரும் நினைவில் வைக்கவில்லை, அந்த ஒரு சுற்றைத்தான் நினைவில் வைத்தார்கள். எங்கட ஊரில் தோற்ற மச் ஒன்றில் அடிபட்ட சிக்ஸரைப் பற்றி இருபது வருசம் கதைப்பதில்லையா, அதுபோல.

1966இல் பிரின்ஸ் கம்பனி நிசானோடு சேர்ந்தது. 1969 பெப்ரவரியில் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வந்தது. பெட்டி வடிவக் கார் என்பதால் 'ஹாக்கோசுக்கா' என்று செல்லப்பெயர். ஹாக்கோ என்றால் பெட்டி. அந்தத் தலைமுறை ஸ்கைலைனின் பின்பக்கத்தில் ஓர் அழகான மடிப்புக்கோடு ஓடும். சேர்ஃப் லைன் என்பார்கள், அலைக்கோடு. பின் சில்லின் மேற்பகுதியைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு பம்பர் வரை போகும். வடிவமைப்பாளர்கள் கோடு போட்டுக் கோடு போட்டு எடுத்த அழகு. ஜிடி-ஆரில் அதைச் சில்லுக்கு மேலே வெட்டிவிட்டார்கள். பந்தயத்துக்கு அகலமான ரயர் வேணும், அலைக்கோடு இடைஞ்சல். 1970 ஒக்டோபரில் வந்த இரண்டு கதவு ஜிடி-ஆரில் வெட்டிய இடத்துக்கு மேலே கறுப்பு நிறத்தில் ஓவர் ஃபென்டர் ஒன்றையும் பூட்டிக் கொடுத்தார்கள். மறைக்க முயலவே இல்லை. காயத்துக்குப் போட்ட பிளாஸ்ரர் மாதிரி வெளியே தெரிகிறது.

பந்தயத்துக்கு வெட்டியதை ஏன் ரோட்டுக் காரிலும் வெட்டவேண்டும்? ஏனென்றால் இது கடையில் விற்கிற காரை வைத்து ஓடுகிற பந்தயம். பந்தயக் காரில் இருப்பது விற்பனைக் காரிலும் இருக்கவேண்டும். அதனால் பந்தயத்தின் தேவை சட்டப்படி தெருவுக்கு வந்தது. 1972 வரை அந்தக் கார்கள் 50 பந்தயங்களை வென்றன. ஆனால் செய்யப்பட்டவை இரண்டாயிரம் சொச்சம்தான். விலையும் சாதாரண ஆளுக்கு எட்டாதது. எட்டாதவர்கள் என்ன செய்தார்கள்? சாதாரண ஸ்கைலைன் ஒன்றை வாங்கி, அலைக்கோட்டைத் தாங்களே வெட்டினார்கள். இன்றைக்கு அலைக்கோடு வெட்டாத பழைய ஸ்கைலைனைக் காண்பதுதான் புதினம் என்று சொல்கிற அளவுக்கு.

நாங்கள் இதில் கவனித்தது இதுதான். பின்னாளில் "சட்டவிரோத மாற்றம்" என்று பிடித்த வேலையை முதலில் மாதிரி காட்டியது தொழிற்சாலை. 1971இல் ஃபெயர்லேடி 240இசெட்ஜி ஓவர் ஃபென்டரோடு கடைக்கு வந்தது. 1972இல் டொயோட்டா கொரோலா லெவின் வந்தது, அதிலும் அப்படியே. ஒரு இளைஞன் வாங்கக்கூடிய சின்னக் கார் அது. பிறகு புகைக் கட்டுப்பாடு, எண்ணெய் நெருக்கடி, ரோட்டில் சாகிறவர்களின் தொகை எல்லாம் சேர்ந்து காற்றுத் திசை மாறியது. 1974இல் வந்த அடுத்த லெவினில் ஓவர் ஃபென்டர் இல்லை. கம்பனிகள் சத்தமில்லாமல் கழற்றிவிட்டன. தெருவில் இருந்தவன் கழற்றவில்லை. அதனால் அவன் குற்றவாளி.

1970களில் ஃபுஜி ஸ்பீட்வேயில் கிராண்ட் சம்பியன் பந்தயங்கள் நடந்தன. பந்தயம் பார்க்க வந்த பெடியன்களின் கார்கள் நின்ற பார்க்கிங் இடம் பந்தயத்தைவிடப் பெரிய காட்சியானது. ட்ராக்கில் கண்டதை அடுத்த தரம் தங்கள் காரில் செய்துகொண்டு வந்தார்கள். 1979இலிருந்து அங்கே சுப்பர் சிலுவெற் பந்தயம் ஓடியது. அதற்கு ஆதாரமான குரூப் 5 விதி காரின் நடுவுடம்பு அசல் காரைப்போல் இருக்கவேண்டும் என்றது, மட்காட்டைக் கிட்டத்தட்ட உங்கள் விருப்பத்துக்கு விட்டது. விதியில் ஒரு ஓட்டை இருந்தால் எஞ்சினியர்மார் அதற்குள்ளால் யானையையே கொண்டுபோவார்கள். ஹசேமி மசஹிரோவின் சிவப்புக் கறுப்பு ஸ்கைலைன், ஹோஷினோ கசுயோஷியின் சில்வியா என்று, நடுவில் ஒரு கார், இரண்டு பக்கமும் பெட்டி பெட்டியாக மட்காட், முன்னுக்குக் கலப்பை மாதிரி ஒன்று, பக்கத்தால் நெருப்புக் கக்குகிற புகைக்குழாய். தெருவில் இதைப் பிளைவூட்டாலும் ஃபைபராலும் செய்தார்கள். போசோசொக்கு என்று பேர் வாங்கிய கூட்டங்களின் கார்களைப் படத்தில் கண்டு சிரித்திருப்பீர்கள், நாங்களும் சிரித்தோம். மூல உருவத்தைக் கண்ட பிறகு சிரிப்பு குறைந்துவிட்டது. அது கோமாளித்தனம் இல்லை, நகல்.

போசோசொக்கு பற்றி ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. இரவில் கூட்டமாக ரோட்டை அடைத்து ஓடினார்கள், ஊரைத் தூங்க விடவில்லை, சண்டை பிடித்தார்கள், செத்தார்கள். 1978 டிசம்பரில் கூட்டாக ஆபத்தாக ஓட்டுவதைக் குற்றமாக்கி யப்பான் போக்குவரத்துச் சட்டத்தை மாற்றியது. அப்படியிருந்தும் 1982இல் பொலிஸ் கணக்கில் 42,000க்கு மேற்பட்டவர்கள். சமூகவியலாளர் சாதோ இக்குயா கியோத்தோவில் இவர்களோடு திரிந்து களப்பணி செய்து, 1991இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். வறுமை, குடும்பச் சிதைவு என்ற வழமையான விளக்கங்கள் போதாது, இது பெரும்பாலும் விளையாட்டு, தங்களைத் தாங்களே நாயகர்களாக அரங்கேற்றுகிற நாடகம் என்பது அவருடைய வாசிப்பு. முக்கால்வாசிப் பேர் இருபது வயதோடு விலகி வேலைக்குப் போய்விட்டார்கள் என்கிற மாதிரித்தான் அந்த வாழ்க்கை இருந்தது.

எங்களுக்கு உறுத்திய இடம் வேறு. அவர்கள் போட்ட நீளச் சட்டைக்குப் பேர் தொக்கோ-ஃபுக்கு. இரண்டாம் உலகப்போரின் தற்கொலைத் தாக்குதல் படையின் பேரிலிருந்து வந்தது. உதயசூரியக் கொடியும் கூட. போரைக் கண்ணால் காணாத பிள்ளைகள் போரின் உடுப்பை எடுத்துப் போட்டார்கள். பெரியாக்களை ஆத்திரப்படுத்தத்தான் போட்டார்கள், அரசியல் இல்லை என்று விளக்கம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எங்கட நாட்டில், எங்கட வயதில் இருந்துகொண்டு அந்தப் படங்களைப் பார்க்கும்போது "வெறும் ஸ்டைல்" என்று கடந்து போக மனம் வரவில்லை. இதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒருத்தன் உடுப்பு உடுப்புத்தான் என்கிறான். வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.

சரி, மடிப்புக்கு வருவோம். எங்கட ஈகே3இல் இருந்தது வெட்டோ ஓவர் ஃபென்டரோ இல்லை. மடிப்பு. இது அந்தச் சத்தமான கதையின் சத்தமில்லாத தம்பி.

யப்பானில் இதற்குப் பேர் ட்சுமே-ஓரி. ட்சுமே என்றால் நகம், ஓரி என்றால் மடிப்பு. மட்காட்டின் உள்விளிம்பை நகம் என்கிறார்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு அந்தத் தகடு உயிருள்ள ஒன்றாகத் தெரியத் தொடங்கிவிட்டது. இதைச் சுற்றி ஒரு சொற்குடும்பமே இருக்கிறது. கட்டையாக்கிய கார் ஷாகோத்தான். ரிம்மின் முகமும் மட்காட்டின் முகமும் ஒரே கோட்டில் நின்றால் ட்சுரா-இச்சி. அதைத் தாண்டி ரயர் வெளியே நீட்டினால் ஹமித்தாய். ட்சுரா-இச்சிதான் இலட்சியம். ஹமித்தாய் என்றால் பொலிஸ். இரண்டுக்கும் இடையிலான தூரம் சில மில்லிமீற்றர்.

ஏன் இவ்வளவு துல்லியம்? யப்பானில் ஷாக்கென் என்று ஒரு கட்டாயப் பரிசோதனை உண்டு. புதுக் காருக்கு முதல் மூன்று வருசம், பிறகு இரண்டு வருசத்துக்கு ஒரு தரம். சுழல்கிற உறுப்பு எதுவும் உடம்புக்கு வெளியே நீட்டக்கூடாது என்பது விதி. அளவெடுப்பதற்கும் இலக்கணம் இருக்கிறது: அச்சின் நடுவிலிருந்து நேர்மேலே ஒரு கோடு, அதிலிருந்து முன்னுக்கு 30 பாகை, பின்னுக்கு 50 பாகை. அந்த விசிறிக்குள் மட்காட்டைத் தாண்டிச் சில்லு தெரியக்கூடாது. காரை அகலமாக்கினாலும் தப்பமுடியாது. அகலம் 2 சென்ரிமீற்றருக்கு மேல் கூடினால் கட்டமைப்பு மாற்றம் என்று புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். 1.7 மீற்றரைத் தாண்டினால் சின்னக் கார் என்ற வகுப்பே மாறி, நம்பர் பிளேற்றும் மாறும்.

இப்போது மடிப்பின் புத்தி விளங்கும். வெளியே ஒரு மில்லிமீற்றர்கூட மாறவில்லை. பரிசோதகரின் நாடாவுக்கு எதுவும் அகப்படாது. ரயரும் வெளியே நீட்டவில்லை. இடம் முழுக்க உள்ளுக்குள் இருந்து எடுத்தது. ஒட்டின ஓவர் ஃபென்டர் சட்டத்தோடு சண்டைக்குப் போகிறது. மடித்த நகம் சட்டத்தின் எல்லைக்குள்ளேயே கிடந்த ஒரு சென்ரிமீற்றரைத் தேடி எடுக்கிறது. எங்களுக்கு இரண்டாவது ஆளைத்தான் கூடப் பிடிக்கிறது. காலையில் வேலைக்குப் போய், இரண்டு வருசத்துக்கொருதரம் ஷாக்கெனுக்குக் காசு கட்டி, அதே நேரம் காரின் நிலையில் மட்டும் சொன்னபடி கேட்காத ஒரு ஆள். எங்கட சிவிக்கை மடித்தவன் அப்படித்தான் இருந்திருப்பான் என்று நாங்களாக ஒரு உருவம் கொடுத்துவிட்டோம். வரலாற்று மாணவர்கள் செய்யக்கூடாத வேலை, தெரியும்.

1995இல் யப்பான் இந்த விதிகளைத் தளர்த்தியது. குறித்த சில பாகங்களை விண்ணப்பம் இல்லாமலே மாற்றலாம் என்றார்கள். பத்து வருசம் தாண்டின கார்களுக்கு வருசா வருசம் இருந்த பரிசோதனையையும் நீக்கினார்கள். 2017 யூனில் இன்னொன்று: ரயரின் பகுதி மட்டும் என்றால் 10 மில்லிமீற்றருக்குக் குறைவாக நீட்டியிருப்பதை நீட்டியதாகக் கணக்கெடுக்கத் தேவையில்லை என்றது விதி. ஒரு சென்ரிமீற்றர். அரை நூற்றாண்டாகச் சூடு காற்றும் சுத்தியலும் வைத்து மடித்து எடுத்த அதே அளவு.

வெட்டு மரபும் சாகவில்லை. நாகோயாவை அண்டிய பகுதியில் லிபர்ட்டி வோக் நடத்துகிற காத்தோ வத்தாரு ஃபெராரி, லம்போர்கினி கார்களின் மட்காட்டை வெட்டி, போல்ற் தெரியத்தெரிய ஓவர் ஃபென்டர் பூட்டுகிறார். இளவயதில் பார்த்த தெருக் கார்கள்தான் மூலம் என்று அவரே சொல்வார். ஒரு காலத்தில் பொலிஸ் துரத்திய உருவத்தை இன்றைக்கு உலகப் பணக்காரர் காசு கட்டி வாங்குகிறார்கள். அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

இலங்கைக்கு இந்தக் கதை கப்பலில் வந்தது. ஷாக்கென் செலவுக்குப் பயந்து யப்பான்காரர் கைவிடுகிற கார்கள்தான் எங்கட ரோட்டில் பாதி. காரோடு அதை வைத்திருந்தவனின் பழக்கமும் ஒட்டிக்கொண்டு வரும்: கண்ணாடியில் விளங்காத ஸ்டிக்கர், டாஷ்போர்டுக்குள் ஒரு பற்றுச்சீட்டு, மட்காட்டுக்குள் ஒரு மடிப்பு. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழிதிறக்க 2025 ஆனது. அந்த ஐந்து வருசத்தில் பழைய ஈகே3 ஒன்றின் விலை ஏறின ஏற்றத்தில், துருவைப் பார்த்துப் பயப்படுகிற நிலைக்கு எல்லாரும் வந்துவிட்டோம்.

யாழ்ப்பாணத்துக்கும் சொந்தமாக ஒரு மாற்றியமைத்த வரலாறு உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40களை ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கார்களின் மட்காட்டையும் ரிங்கரிங் பாஸ்மார் தட்டித் தட்டியே உயிரோடு வைத்திருந்தார்கள். ஆனால் அதையும் இதையும் ஒன்றாக்க நாங்கள் விரும்பவில்லை. அது இல்லாமையில் செய்தது, இது ஆசையில் செய்தது. கை ஒன்றாக இருக்கலாம்.

மடிப்பிலும் ஒரு பழி உண்டு. மடிக்கும்போது இரண்டு தகடும் சந்திக்கும் இடத்திலுள்ள சீலர் வெடிக்கும். வெடித்த இடத்துக்குத் திரும்பப் பூசாவிட்டால் தண்ணீர் உள்ளே போய் இருந்துவிடும். யப்பானில் மடித்தவன் பூசித்தான் இருந்தான், பழைய சீலர் விரிசல் விட்டுக் காய்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு இருபது வருசம் யாரும் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். எங்கட உப்புக் காற்று மிச்ச வேலையைச் செய்துவிட்டது.

அண்ணா மடிப்பை நிமிர்த்தச் சொல்லிக் கேட்டார். பாஸ் தலையை ஆட்டினார்: நிமிர்த்தினால் தகடு முறியும். துருப்பிடித்த துண்டை மட்டும் அறுத்து, புதுத் தகடு வெல்ட் பிடித்து, அதையும் மற்றப் பக்கத்துக்கு அளவாக மடித்தே விட்டார். இரண்டு பின்னேரம் எடுத்தது. பிறகு பழைய 14 அங்குல ரிம்மையே திரும்பப் பூட்டினோம். ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் நாலு விரல் போகிறது.